சட்டைப் பொத்தானும் ஐ.க்யூ.வும்: ஒரு கேள்வித்தாளின் கதை

குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறதா? யாரும் உதவாமல் கை கழுவுகிறதா? மாடிப்படியில் ஒரு படிக்கு ஒரு கால் என்று வைத்து இறங்குகிறதா?

எந்த அம்மாவைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். இதில் என்ன பெரிய விஞ்ஞானம் இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் இந்தக் கேள்விகளை வயது வாரியாக அடுக்கி, பதிலுக்கு மதிப்பெண் போட்டு, உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு அளவுகோல் வந்தது 1935-ல்தான். அதற்கு முந்தைய முப்பது வருடங்களில் வேறு மாதிரி கேள்விகளைக் கேட்டு, அந்தப் பதில்களை வைத்தே ஆயிரக்கணக்கானவர்களின் தலையெழுத்தை எழுதிவிட்டார்கள். அந்தக் கதையில் இருந்து ஆரம்பித்தால்தான் பொத்தானின் அருமை புரியும்.

பாரிஸ் நகரம், 1904. சாதாரண வகுப்பில் பாடம் புரியாமல் தவிக்கும் குழந்தைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆராய பிரெஞ்சு அரசு ஒரு குழு போட்டது. அதில் இருந்தவர் ஆல்ஃப்ரெட் பினே. அடுத்த வருடமே சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து முதல் அறிவுத்திறன் சோதனையை வெளியிட்டார். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, படத்தில் இருப்பதைச் சொல்வது, இரண்டு பொருளுக்கு என்ன வித்தியாசம் என்று சொல்வது... இப்படிப் போகும். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கண்டுபிடிக்கத்தான் இது. யாரை எங்கே பூட்டி வைப்பது என்று முடிவு செய்ய அல்ல.

கடல் தாண்டியதும் கதை மாறிவிட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1888-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. பள்ளி என்று பெயரே தவிர, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அன்று சொல்லப்பட்டவர்கள் அங்கேயே தங்கி வாழும் இடம். 1906-ல் அதன் ஆராய்ச்சி இயக்குநராக வந்தவர் ஹென்றி கோடார்ட். 1908-ல் ஐரோப்பா போய் பினேயின் சோதனையைக் கொண்டுவந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மனவயது இரண்டு வரை 'இடியட்', மூன்றில் இருந்து ஏழு வரை 'இம்பெசைல்', எட்டில் இருந்து பன்னிரண்டு வரை 'மோரான்' என்று பிரித்தார். கடைசி வார்த்தையை உருவாக்கியதே அவர்தான். இன்று சினிமாவில் திட்டுவதற்குப் பயன்படும் மூன்று சொற்களும் ஒரு காலத்தில் மருத்துவக் குறிப்பில் கையெழுத்தோடு இருந்தவை!

அந்தப் பள்ளியில் எம்மா வால்வர்டன் என்று ஒரு பெண் இருந்தார். 1897-ல் எட்டு வயதில் கொண்டுவந்து விடப்பட்டவர். மின்சாரத் தையல் இயந்திரத்தில் வேலை செய்வார், மரத்தில் செதுக்குவார், மேஜை நாற்காலி செய்வார், கார்னெட் வாசிப்பார். தன் உடையைத் தானே தைத்துக்கொள்ளக்கூடிய ஒருவருக்குப் பொத்தான் போடத் தெரியுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கணக்கும் வாசிப்பும் வரவில்லை. சோதனையில் அவருடைய மனவயது ஒன்பது என்று வந்தது.

கோடார்ட் அவருக்கு 'டெபோரா காலிகாக்' என்று பெயர் வைத்து 1912-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனவளர்ச்சிக் குறை ரத்தத்தில் வருவது, தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது என்று அந்தப் பெண்ணின் வம்சாவளியை வைத்து 'நிரூபித்தார்'. அந்த ஆராய்ச்சியின் ஓட்டைகள் பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆனால் புத்தகம் பரவிய வேகத்துக்கு ஓட்டைகள் ஈடுகொடுக்கவில்லை. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்ற அன்றைய பிரச்சாரத்துக்கு அது நல்ல தீனி போட்டது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைக்கு அனுமதி கொடுத்தது. மொத்தத்தில் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நாட்டில் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது.

எம்மாவை 1914-ல் அதே ஊரில் இருந்த பெண்களுக்கான அரசு விடுதிக்கு மாற்றினார்கள். 1978-ல் இறக்கும் வரை ஏதோ ஒரு விடுதிச் சுவருக்குள்ளேதான் இருந்தார். எட்டு வயதில் உள்ளே போனவர், மொத்தம் 81 வருடங்கள்!

அந்தப் பெண் தினமும் என்னென்ன செய்கிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோடார்டே புத்தகத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத விஷயம் கணக்கில் வராது என்பது எல்லாத் துறைக்கும் பொது போலிருக்கிறது.

இனி நம் கதாநாயகர். எட்கர் டோல். இவரும் அதே வைன்லேண்ட் பள்ளிதான். இளைஞராக கோடார்டின் கீழ் வேலை பார்த்துவிட்டுப் போனவர், 1925-ல் ஆராய்ச்சி இயக்குநராகத் திரும்பி வந்தார். ஒரே மனவயது உள்ள இரண்டு பேரில் ஒருவர் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டு ஊரில் பிழைத்துவிடுகிறார், இன்னொருவரால் முடியவில்லை. அப்படியானால் மனவயது மட்டும் எப்படித் தீர்ப்பாகும்? ஒருவர் தன்னைக் கவனித்துக்கொண்டு நாலு பேரோடு வாழ முடிகிறதா என்பதையும் அளந்தாக வேண்டும் என்றார் டோல். அப்படிப் பிறந்ததுதான் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல்.

டோலைப் பெரிய புரட்சிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். 1941-ல் அவர் கொடுத்த வரையறையில் முதலில் இருந்தது சமூகத் திறன் இல்லாமை. கடைசியில் இருந்தது 'அடிப்படையில் குணப்படுத்த முடியாதது' என்ற நிபந்தனை. ஒரு கால் புதிய வீட்டில், ஒரு கால் பழைய வீட்டில்.

ஆனால் அளவுகோல் அருமையானது. மொத்தம் 117 கேள்விகள். தலை நிமிர்த்துவதில் ஆரம்பித்து 25 வயதைத் தாண்டியும் போகும். எட்டுப் பிரிவுகள். அதில் மூன்று சுயபராமரிப்புக்கு மட்டுமே: பொதுவானது, சாப்பிடுவது, உடுத்துவது. மற்றவை நடமாட்டம், வேலை, பேச்சு, பிறரோடு பழகுவது, தன்னைத் தானே நடத்திக்கொள்வது. சாக்ஸைக் கழற்றுவது ஒரு கேள்வி. மிட்டாய்த் தாளைப் பிரிப்பது ஒரு கேள்வி. பொத்தான் போடுவதும் கை கழுவுவதும் 3 முதல் 4 வயதுக்கான பகுதியில் வருகின்றன.

அதைவிடப் புதுமை, குழந்தையை உட்கார வைத்துச் சோதிக்கவே வேண்டாம். குழந்தையை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், பெரும்பாலும் அம்மாவிடம், பேச்சுக் கொடுத்துக் கேட்டால் போதும். 'செய்ய முடியுமா' என்பது இங்கே கேள்வி இல்லை. 'வழக்கமாகச் செய்கிறதா' என்பதே கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது ஹாஸ்டலில் துணி துவைக்கும் யாருக்கும் தெரியும்!

மதிப்பெண் போடும் முறையையும் பார்க்க வேண்டும். வழக்கமாகச் செய்தால் கூட்டல் குறி. செய்யாவிட்டால் கழித்தல் குறி. சில நாள் செய்கிறது, சில நாள் இல்லை, இப்போதுதான் பழகுகிறது என்றால் இரண்டும் சேர்ந்த குறி, அரை மதிப்பெண். முன்பு செய்துகொண்டிருந்தது, சூழ்நிலையால் இப்போது இல்லை என்றால் கூட்டலோடு ஒரு 'எஃப்'. கடைசியாக ஒன்று உண்டு, கூட்டலோடு 'என்.ஓ.'. அதாவது, குழந்தைக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை, கொடுத்தால் செய்துவிடும்.

இந்தக் கடைசிக் குறிக்காகவே டோலுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆறு வயதிலும் அம்மா ஊட்டிவிடும் வீடுகள் நம் ஊரில் எத்தனை? அந்தக் குழந்தைக்குச் சாப்பிடத் தெரியாது என்று எழுதினால் அது பொய். கையில் தட்டைக் கொடுத்ததே இல்லை என்பதுதான் உண்மை. குறைபாடு உள்ள குழந்தை என்றால் இது இன்னும் பல மடங்கு. பாவம் கஷ்டப்படுமே என்று பாட்டி ஊட்டுவார், பள்ளிக்கு நேரமாகிறதே என்று அம்மா சட்டை மாட்டிவிடுவார், கொட்டிவிடுமே என்று அக்கா தண்ணீரை வாயில் ஊற்றுவார். எல்லாம் பாசம்தான். பத்து வருடம் கழித்து 'தெரியாது' என்று படிவத்தில் விழும் கழித்தல் குறியில் எவ்வளவு குழந்தையுடையது, எவ்வளவு வீட்டினுடையது என்று பிரிப்பது சுலபமில்லை. விடுதிகளில் நிலைமை இன்னும் மோசம். வாசலைத் தாண்டவே விடாதவர்களிடம் தனியாகக் கடைக்குப் போகிறாரா என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?

குறைகளும் உண்டு. வயது அளவு நிர்ணயித்தது வைன்லேண்டில் 620 பேரை வைத்து. பிறந்த குழந்தை முதல் 30 வயது வரை, ஒவ்வொரு வயதுக்கும் ஆண் பத்து, பெண் பத்து. ஒரு அமெரிக்கச் சிற்றூரின் பழக்கவழக்கம் அப்படியே அளவுகோலில் ஏறிவிட்டது. முள்கரண்டியால் சாப்பிடுவது ஒரு கேள்வி, கத்தியால் ரொட்டியில் தடவுவது இன்னொன்று. 7 முதல் 8 வயதுக்கான கேள்விகளில் ஒன்று, கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமாகவே வருவார் என்று நம்புவதை விட்டுவிட்டதா என்பது! மதுரையில் வளரும் குழந்தை பிறந்ததில் இருந்தே இதில் பாஸ்.

அளவுகோல் வந்த பிறகும் ஐ.க்யூ.வின் ஆட்சி உடனே முடிந்துவிடவில்லை. 1959-ல்தான் அமெரிக்க மனவளர்ச்சிக் குறைபாட்டுச் சங்கம் தன் அதிகாரபூர்வ வரையறையில் அறிவுத்திறனோடு அன்றாடத் தகவமைப்பையும் சேர்த்தது. அதே வரையறையில் ஐ.க்யூ. எல்லையை 85 வரை உயர்த்திவிட்டார்கள். 1973-ல் மறுபடி 70-க்கு இறக்கினார்கள். நேற்று வரை குறைபாடு உள்ளவர் என்று சொல்லக்கூடிய பெருங்கூட்டம் ஒரு பேனாக் கீறலில் 'சரியாகிவிட்டது'.

அன்றாடத் திறனைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது கலிஃபோர்னியாவில் தெரிந்தது. ரிவர்சைட் நகரில் ஜேன் மெர்சர் என்ற சமூகவியலாளர், பள்ளிகளில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை ஆராய்ந்தார். கறுப்பினக் குழந்தைகளும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளும் அளவுக்கு மீறி இருந்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், எல்லா வேலையும் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்கும் சோதனையில்தான் தோற்கிறார்கள். 1970-ல் வந்த ஒரு அரசு அறிக்கை இவர்களுக்கு வைத்த பெயர், 'ஆறு மணி நேரக் குறைபாட்டுக் குழந்தை'. பள்ளி நடக்கும் ஆறு மணி நேரம் மட்டுமே குறைபாடு. மணி அடித்து வெளியே வந்தால் சாதாரணப் பிள்ளை. 1979-ல் கலிஃபோர்னியாவின் ஒரு மத்திய நீதிமன்றம், கறுப்பினக் குழந்தைகளை இத்தகைய சிறப்பு வகுப்புகளில் சேர்க்க ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பளித்தது.

டோலின் அளவுகோல் 1984-ல் புதிய ஆட்களால், நாடு தழுவிய மாதிரியோடு திருத்தி எழுதப்பட்டது. 2005-லும் 2016-லும் மறுபடி புதுப்பித்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, குறைபாடு லேசானதா கடுமையானதா என்பதை ஐ.க்யூ. எண்ணை வைத்துச் சொல்லாமல் அன்றாடத் திறனை வைத்தே சொல்ல வேண்டும் என்றது. எம்மா வால்வர்டனுக்கு நூறு வருடம் தாமதம்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். டோலின் பழைய அளவுகோலை இங்கே தழுவி எழுதியவர் நாக்பூரைச் சேர்ந்த ஏ.ஜே. மாலின். 15 வயதோடு நிறுத்தி, 89 கேள்விகளாகச் சுருக்கினார். அமெரிக்காவில் அதன் பேரப்பிள்ளைகள் வந்துவிட்ட பிறகும் இங்கே அது பல ஆண்டுகள் ஓடியது.

இதன் விடை ஒரு எண். கிடைத்த சமூக வயதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் 'சமூக ஈவு'. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஐந்து வயதில் சமூக வயது இரண்டரை என்றால் ஈவு 50. அதே குழந்தை பத்து வயதில் நாலரைக்கு வந்துவிட்டது. இரண்டு வருட வளர்ச்சி! சாப்பிடக் கற்றது, கை கழுவக் கற்றது, பொத்தான் போடக் கற்றது. ஈவு? 45. ஐந்து குறைந்துவிட்டது. ஐந்து வருடம் தினமும் பாடுபட்ட அம்மாவிடம் இந்தக் காகிதத்தை நீட்டினால் எப்படி இருக்கும்? விற்பனை ஏறியும் சந்தைப் பங்கு இறங்கும் கம்பெனியின் கதைதான். அந்தக் கம்பெனி மூடப்படவேண்டியது என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு மாற்று ஒன்று சென்னையிலேயே உருவானது. 1970-களில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் தயாரித்த 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்'. சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் எம்.டி.பி.எஸ். என்பார்கள். 18 பகுதிகள், ஒவ்வொன்றிலும் 20 படிகள், ஆக 360. சாப்பாடு, உடை, சீவிச் சிங்காரித்துக்கொள்வது, கழிப்பறை என்று சுயபராமரிப்புக்கு மட்டுமே நான்கு தனிப் பகுதிகள். பணம், நேரம், வீட்டு வேலை, பொழுதுபோக்கு எல்லாம் உண்டு. எளிதில் இருந்து கடினத்துக்கு வரிசை. எந்தப் படி வரை செய்கிறது என்று குறித்தால் அடுத்த படிதான் அடுத்த பாடம். இது நோய்க்குப் பெயர் சூட்டும் கருவி அல்ல, ஆசிரியரின் பாடத்திட்டம். சமூக ஈவு வருடக் கடைசி இருப்புநிலைக் குறிப்பு என்றால் இது தினசரிப் பேரேடு.

1992-ல் செகந்திராபாத்தில் இருந்த தேசிய மனவளர்ச்சிக் குறைபாட்டு நிறுவனத்தின் ரீட்டா பெஷாவரியாவும் எஸ். வெங்கடேசனும் இன்னும் ஒரு படி போனார்கள். 'பேசிக் எம்.ஆர்.' என்ற அவர்களின் அளவுகோலின் முதல் பகுதியில் 280 திறன்கள். 'தெரியும், தெரியாது' என்ற இரண்டு பதில் போதாது என்று எவ்வளவு உதவி தேவை என்பதற்கே மதிப்பெண் போட்டார்கள். தானாகச் செய்தால் 5. சின்னக் குறிப்பு கொடுத்தால் செய்தால் 4. வாயால் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தால் 3. கையைப் பிடித்துச் செய்ய வைத்தால் 2. எல்லாமே பிறர் செய்துவிட்டால் 1. இரண்டில் இருந்து மூன்றுக்கு வந்த பிள்ளைக்குப் பொத்தான் இன்னும் 'தெரியாது'தான். ஆனால் அம்மாவின் கை விடுதலையாகிவிட்டது. அந்த ஒரு மதிப்பெண் வீட்டில் இருப்பவருக்கு எவ்வளவு பெரியது என்பது ஈவில் தெரியவே தெரியாது.

ஆனால் அரசாங்கத்துக்கு எண் வேண்டும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டின் வரையறையிலேயே அன்றாடத் திறன்களைச் சேர்த்தது நல்ல முன்னேற்றம். அதற்காக 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு விதிமுறை, டோலின் அளவுகோலையே எடுத்து நேரடியாகச் சதவீதமாக மாற்றியது. ஈவு 20 வரை 100 சதவீதம். 21 முதல் 35 வரை 90. 36 முதல் 54 வரை 75. 55 முதல் 69 வரை 50. 70 முதல் 84 வரை 25. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும் என்பதால் 69-க்கும் 70-க்கும் நடுவில் ஒரு சுவர்.

இன்னொரு சுவர் 35-க்கும் 36-க்கும் நடுவில். வணிகவியல் மாணவர்களுக்கு 80டிடி பிரிவு ஞாபகம் இருக்கும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், குறைபாடு உள்ள குடும்ப உறுப்பினரைப் பராமரிப்பவருக்கான கழிவு. 2015-16 நிதியாண்டில் இருந்து, 40 சதவீதம் முதல் 80-க்குள் என்றால் 75,000 ரூபாய். 80-ம் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். 2018 விதிமுறைப்படி ஈவு 35 என்றால் 90 சதவீதம், 36 என்றால் 75 சதவீதம். ஒரே ஒரு எண் வித்தியாசத்தில் கழிவு 50,000 ரூபாய் மாறுகிறது.

ஒரு எண் என்பது எத்தனை கேள்வி? டோலின் மூல அளவுகோலில் 3 முதல் 4 வயதுக்கு ஆறு கேள்விகள். ஆக ஒரு கேள்விக்குச் சுமார் இரண்டு மாதச் சமூக வயது. பத்து வயதுக் குழந்தை என்றால் ஈவில் 1.7. அதாவது பொத்தான் ஒன்று போதும்.

சிறப்புப் பள்ளியில் டீச்சர் கேட்கும்போது, "போட்டுக்கிறான் மேடம், மேல் பொத்தான் மட்டும்தான் கொஞ்சம் தகராறு" என்று அம்மா மலர்ந்து சொல்லக்கூடும். அதே வாரம் அரசு மருத்துவமனையில், சான்றிதழுக்காக, அதே கேள்வி வருகிறது. "எங்க சார்... நான்தான் போட்டுவிடணும்." இரண்டில் எது பொய்? திங்கட்கிழமை காலை, பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது, அம்மாதான் போட்டுவிடுகிறார். டோலின் தாளில் இதற்குக் கூட்டலும் கழித்தலும் சேர்ந்த அந்தக் குறி, அரை மதிப்பெண்.